ஒரு டிராம் எவ்வளவு?

போன மாதம் இருமல் மருந்து வாங்கக் கோவில்பத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். மருந்துப் புட்டியின் தலையில் பிளாஸ்டிக் குப்பி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதில் இரண்டரை, ஐந்து, பத்து என்று கோடுகள். குப்பியைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மருந்து கொடுத்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க பாய் அப்படிப் பாக்குறீங்க? அது கம்பெனி போட்ட கோடுங்க."

"அதனாலதாம்மா பாக்குறேன்."

நான் பழைய கம்பவுண்டர் என்று சொன்னதும், "அப்பல்லாம் இந்தக் குப்பி ஏதுங்க? சனங்க எப்படி அளந்து குடிச்சாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் நாலு பேர் நின்றார்கள். "எழுதிக் குடுத்துடுங்க பாய், எங்க மருந்துக்கடைச் சங்கத்து மலர்ல போட்டுடுறோம்" என்று மரியாதையாக என்னை அனுப்பிவைத்தாள். மலருக்கு விளம்பரம் சேர்ந்துவிட்டதாம், கட்டுரைதான் குறைகிறதாம்.

நான் வேலை கற்றது பிரெஞ்சுக்காரன் காலத்தில், காரைக்காலை அடுத்த கடலோரத்தில் இருந்த ஒரு சின்ன மருந்தகத்தில். கற்றுக்கொடுத்தவர் ஒரு கன்னியாஸ்திரி. மருந்தை ஊற்றும்போது புட்டியில் ஒட்டிய சீட்டு உள்ளங்கைக்குள் இருக்க வேண்டும், ஒழுகினாலும் எழுத்து அழியாது. தக்கையைக் கீழே வைக்கக் கூடாது, சுண்டுவிரலால் இடுக்கிக்கொள்ள வேண்டும். கோடு போட்ட சின்னக் குவளைதான் அளவுக் கண்ணாடி. அதைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும், கண்ணைக் கண்ணாடிக்குத் தாழ்த்தக் கூடாது. மருந்தின் மேல்மட்டம் நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழியின் அடிதான் கணக்கு. மூன்று வருஷத்தில் நான் படித்தது இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் புட்டி கழுவினேன்.

டாக்டர் முசே லூர்து (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா) புதுச்சேரிக்காரர், பாரிசில் படித்தவர். மருந்துச் சீட்டில் 'காப்பிக் கரண்டி ஒன்று', 'சூப்புக் கரண்டி ஒன்று' என்று பிரெஞ்சில் எழுதுவார். உலகத்தில் எல்லா வீட்டிலும் சூப்பு குடிக்கிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. சைகோன் போய்வந்த எங்கள் மரைக்காயர் வீடுகளில் அந்தக் கரண்டிகள் இருந்தன, கண்ணாடி அலமாரிக்குள். கிளிஞ்சல்மேட்டு மீனவர் குப்பத்தில் கரண்டி என்றால் குழம்புக் கரண்டிதான்.

ஆகவே சீட்டுக்கும் சனங்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளன் நான். வருகிறவர்களிடம் வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்று முதலில் கேட்பேன். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு இருக்கிறதா? அத்தர் குப்பி இருக்கிறதா? நல்ல கிளிஞ்சல் ஓடு இருக்கிறதா? இருந்தால் கொண்டுவரச் சொல்லி, தண்ணீர் ஊற்றி அளந்து, 'சங்கில் பாதி', 'கிளிஞ்சலில் ரெண்டு' என்று சொல்லி அனுப்புவேன். சீட்டிலும் தமிழில் அப்படியே எழுதிவிடுவேன். முசே லூர்துவுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே இருந்ததில்லை.

கொடி மாறியது. முசே லூர்து பிரான்சுக்கே போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அவர் இடத்துக்கு அக்கரைச் சீமையிலிருந்து, அதாவது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஆண்ட ஊரிலிருந்து, டாக்டர் சிதம்பரநாதன் வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் அரை விரல் உயரத்துக்கு ஓர் அளவுக் கண்ணாடி. வந்த முதல் நாளே மருந்தகத்தில் சில சொற்களைத் தடை செய்தார். 'கொஞ்சம்' கூடாது. 'சுமார்' கூடாது. 'ஒரு மடக்கு' கூடவே கூடாது. வாசலில் காத்திருந்த ஒரு கிழவர், "கொஞ்சம் தண்ணி குடுங்கய்யா" என்று கேட்டதற்கு, "எத்தனை அவுன்ஸ்?" என்று கேட்டார். விளையாட்டுக்கல்ல. பதில் வரும்வரை காத்து நின்றார். கிழவர் எழுந்து வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொண்டார்.

எதிரே இருந்த டீக்கடையில் அவர் நாலரை அவுன்ஸ் டீ கேட்பார். கடைக்காரர் எல்லாருக்கும் கொடுக்கிற கிளாசிலேயே கொடுத்துவிட்டு, "நாலரை இருக்குங்கய்யா, நானே நின்னு அளந்தேன்" என்பார். டாக்டர் திருப்தியாகக் குடிப்பார்.

இரண்டாவது வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. மருந்தகத்தில் வேலை பார்த்தவர்கள் நானும் புட்டி கழுவுகிற ஒருவரும்தான். எங்களைச் சுற்றி வர அந்த அறிக்கைக்கு அதிக நேரம் ஆகவில்லை. இனி மருந்தின் அளவை டிராமிலும் அவுன்சிலும் மட்டுமே எழுத வேண்டும். சங்கு, சிப்பி, ஓடு, குப்பி முதலிய வீட்டுச் சாமான்களோடு ஒப்பிட்டு எழுதக் கூடாது, வாயாலும் சொல்லக் கூடாது. மீறினால் நடவடிக்கை.

"ஐயா, இங்க யாருக்கும் டிராம் தெரியாதுங்களே" என்றேன்.

"தெரிஞ்சுக்குவாங்க. நீங்க கிளிஞ்சல்னு சொல்லிக்கிட்டே இருந்தா எப்பத் தெரிஞ்சுக்குவாங்க?"

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளிஞ்சல் கடவுள் செய்தது, ஒன்று போல ஒன்று இருக்காது. ஆனால் அதற்காகத்தானே நான் ஒவ்வொன்றையும் அளந்தேன்? இதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது, வேலை வேண்டும்.

இப்போது அஞ்சலை விஷயத்துக்கு வருகிறேன். அஞ்சலை கிளிஞ்சல்மேட்டில் மீன் விற்கிறவள். புருஷன் கலியபெருமாள் கட்டுமரத்துக்காரன், வாட்டசாட்டமான ஆள். அவனுக்கு நடுவயதில் வலிப்பு வந்தது. கரையில் வந்தால் பரவாயில்லை. ஒருநாள் கடலில் வலை இழுக்கும்போது வந்து தண்ணீருக்குள் போய்விட்டான். கூட இருந்தவர்கள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். அதற்கப்புறம் அவனை யாரும் கட்டுமரத்தில் ஏற்றவில்லை. அஞ்சலைதான் அவனை இழுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தாள்.

டாக்டர் நன்றாகப் பரிசோதித்தார். நரம்பை அமர்த்துகிற மருந்து ஒன்றை எழுதினார். கசப்பும் எரிச்சலுமாக இருக்கும், அளவு தாண்டினால் ஆளையே அமர்த்திவிடும். ஆறு அவுன்ஸ், வேளைக்கு இரண்டு டிராம், காலையும் ராத்திரியும். நான் கலந்து, அவள் கொண்டுவந்திருந்த பிராந்திப் புட்டியில் ஊற்றி, சீட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

"எவ்வளவு குடுக்கணுங்க பாய்?"

"வேளைக்கு ரெண்டு டிராம்."

"டிராம்னா?"

எனக்குப் பின்னால் நாலடியில் டாக்டர் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. அந்தப் பேனா நின்ற சத்தம், அதாவது சத்தம் நின்றது, எனக்கு நன்றாகக் கேட்டது.

"சீட்டுல போட்டிருக்கு, பாத்துக் குடுங்க" என்றேன்.

அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கு அது தெரியும். பேனா மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் புட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

அஞ்சலை கெட்டிக்காரி. தெரியாத சொல்லைத் தெரிந்தவரிடம் கேட்டாள். கிளிஞ்சல்மேட்டில் உலகம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், சின்னத்தம்பி. வெள்ளைக்காரன் கப்பலில் பத்து வருஷம் அடுப்படி வேலை பார்த்தவர். "டிராமா? அது எனக்குத் தெரியாதா? கப்பல்ல சாராயம் ஊத்திக் குடுக்குற அளவு. ஒரு டிராம்னா ஒரு கிளாசு" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. கப்பலில் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். வீட்டில் சாராயக் கிளாஸ் இருந்தது. அஞ்சலை மறுநாள் காலையில் மருந்தை அதில் வழிய வழிய ஊற்றி, சீட்டில் உள்ளபடி இரண்டு கொடுத்தாள்.

முற்பகலில் ஒரு ஆள் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தான். "பாய், கலியபெருமா செத்துட்டாரு. நீங்க குடுத்த மருந்துலதான்னு பேசிக்கிறாங்க. டாக்டரக் கூட்டிக்கிட்டு ஓடிடுங்க" என்றான். எங்களுக்கு நல்லது செய்ய வந்தவன்.

டாக்டர் டவுனுக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். புட்டி கழுவுகிறவரை அங்கே அனுப்பிவிட்டு நான் கிளிஞ்சல்மேட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் எனக்கு அந்தப் பேனாதான் ஞாபகம். நாலடியில் இருந்த டாக்டருக்குப் பயந்து நான் ஒரு சொல்லை விழுங்கினேன், ஒரு ஆள் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வாசலில் மூங்கில் வந்து இறங்கியிருந்தது. பறைக்கு ஆள் போயிருந்தது. பஞ்சாயத்தார் கீற்று நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை அழவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போய் அவன் மார்பில் காதை வைத்தேன். வெளியே அழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"அழுவுறத நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நான் கத்தியது அன்றைக்குத்தான். நிறுத்திவிட்டார்கள்.

இதயம் அடித்தது. எங்கேயோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, ஆனால் அடித்தது. மூச்சு எண்ணினேன். நிமிஷத்துக்கு ஆறு. புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பாதிதான் மீதி. மூன்று அவுன்ஸ் போயிருந்தது. பன்னிரண்டு வேளை மருந்து ஒரே வேளையில்.

அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். நாக்கு உள்ளே விழாமல் தாடையைத் தூக்கிப் பிடித்தேன். கைகால் சில்லிட்டிருந்தது. சுடுதண்ணீர் புட்டிகளைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னேன். அஞ்சலையிடம், "பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "புருஷன் பேரையா பாய்?"

"ஆமா."

அவள் ஊரைப் பார்த்தாள். அப்புறம் "கலியபெருமா! யோவ் கலியபெருமா!" என்று ஆரம்பித்தாள். பதினைந்து வருஷம் சொல்லாமல் வைத்திருந்த பேர், அதையெல்லாம் சேர்த்துச் சொன்னாள். பஞ்சாயத்தாரில் ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் டாக்டர் வந்தார். இதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்தார். மூச்சைத் தூண்டும் ஊசி போட்டார், வயிற்றைக் கழுவினார். கவிழ்த்த மீன்கூடை ஒன்றின் மேல் சாயங்காலம்வரை நாடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் செதில். யாரோ தேங்காய்ச் சிரட்டையில் கடுங்காப்பி கொடுத்தார்கள். எத்தனை அவுன்ஸ் என்று கேட்காமல் குடித்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கலியபெருமாள் கண்ணைத் திறந்தான். வாசலில் மூங்கிலைப் பார்த்தான். "யாருக்கு?" என்று கேட்டான். அஞ்சலை அப்போதுதான் அழுதாள்.

மூன்றாம் நாள் விசாரணை. டாக்டர் தம் மேசைக்குப் பின்னால் பழைய ஆளாக உட்கார்ந்திருந்தார், கால்சட்டை வெளுத்து வந்திருந்தது. அஞ்சலை எதிரில் நின்றாள். நான் ஓரத்தில் நின்று எழுத வேண்டும்.

"சீட்டுல ரெண்டு டிராம்னு தெளிவா எழுதியிருந்ததா இல்லையா?"

"எழுதியிருக்கும்ங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுங்களே."

"கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டிருக்கணும்."

"கேட்டேங்க. பாய்கிட்ட கேட்டேன், பாத்துக் குடுன்னாரு. சின்னத்தம்பி மாமாகிட்ட கேட்டேன், ஒரு கிளாசுன்னாரு." டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களைத்தாங்க கேக்கல. இப்பக் கேக்குறேன். ஒரு டிராம்னா எவ்வளவுங்க ஐயா?"

"அறுபது மினிம்."

"மினிம்னா?"

"ஒரு அவுன்சுல நானூத்தி எண்பதுல ஒண்ணு."

"அவுன்சுன்னா?"

"எட்டு டிராம்."

அஞ்சலை விரல்களை மடக்கிப் பார்த்தாள். "ஐயா, நீங்க பொறப்பட்ட எடத்துக்கே வந்துட்டீங்க" என்றாள்.

டாக்டருக்கு முகம் சிவந்தது. சட்டைப் பையில் கையை விட்டார். அந்தச் சின்னக் கண்ணாடி இல்லை. கிளிஞ்சல்மேட்டில் குனிந்து நிமிர்ந்ததில் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. மேசையைத் துழாவினார். கடைசியில் பொறுமை போய், "இதென்னம்மா பெரிய விஷயம்? ஒரு டீஸ்பூன்!" என்றார்.

அவர் தடை செய்த வீட்டுச் சாமானை அவரே சொல்லிவிட்டார். நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.

"ஸ்பூன் எங்க வூட்டுல இல்லீங்க. எங்க வூட்டுல இருக்குறதுல ஒண்ணச் சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்றாள் அஞ்சலை. குரலில் கோபமில்லை. மீன் அழுகிவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

"இதை எழுத வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார் டாக்டர். நான் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அவர் தோற்றுப்போனதாக நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு சுற்றறிக்கை வந்தது. வீட்டுச் சாமான்களோடு ஒப்பிடலாம், ஆனால் அங்கீகரிக்கப்பட்ட சாமான்களோடு மட்டும். அதற்கு ஒரு பதிவேடு. சாமானின் பெயர், எதனால் ஆனது, உடைமைக்காரர், கொள்ளளவு, அளந்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. அளந்தவர் நான், சரிபார்த்தவர் அவர்.

மூன்று மாதம் சைக்கிளில் அளவுக் கண்ணாடியும் குடத்தில் தண்ணீருமாகக் கடலோரமெல்லாம் திரிந்தேன். முதல் நாள் கிளிஞ்சல்மேட்டில் எல்லாரும் பாத்திரங்களை ஒளித்துவைத்துவிட்டார்கள். புது அரசாங்கம் பாத்திரத்துக்கு வரி போடப்போகிறது என்று வதந்தி. அஞ்சலைதான் முதலில் தன் வீட்டுப் பால் சங்கைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் இரண்டு டிராம் தண்ணீர் ஊற்றி, மட்டம் நின்ற இடத்தில் அரத்தால் ஒரு கோடு கீறிக் கொடுத்தேன். "இந்தக் கோடு வரைக்கும். மேல போனா மூங்கில்" என்றேன். அதற்கப்புறம் வரிசை நின்றது. சங்குகள், கிண்ணங்கள், ஒரு பன்னீர்ச் செம்பு. சின்னத்தம்பி தன் கப்பல் கிளாசைக் கொண்டுவந்தார். அதில் பன்னிரண்டு டிராம் பிடித்தது. "அப்ப நான் பத்து வருஷமா பன்னெண்டு பன்னெண்டாவா குடிச்சேன்?" என்று கேட்டுவிட்டு, வருத்தப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் நின்றார்.

கலியபெருமாள் அந்தச் சங்குக் கோட்டளவில்தான் மருந்து குடித்தான். ஒரு வருஷம் வலிப்பு வரவில்லை. அப்புறம் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வதாக ஒப்புக்கொண்டதால் மரத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

பதிவேடு பாதி நிரம்பியபோது அரசாங்கம் அளவையே மாற்றிவிட்டது. மேலே இருந்து ஒரு அதிகாரி வந்து பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார். பளபளவென்று ஒரு பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "இதற்குப் பெயர் லிட்டர். புதியது. யாரும் பயப்பட வேண்டாம்" என்று முக்கால் மணி நேரம் தைரியம் சொன்னார். முன்வரிசையில் இருந்த எண்ணெய் வியாபாரி ஒருவர் எழுந்து, "நாங்க பயப்படலீங்க. பிரெஞ்சுக்காரன் லிட்டர்தான் இது, எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இதுலதான் அளந்தோம். கொடி மாறுனப்ப, இது செல்லாதுன்னு நீங்கதான் வாங்கிட்டுப் போனீங்க. அது குடோன்ல கெடந்தா திருப்பிக் குடுத்துடுங்க, புதுசு வேண்டாம்" என்றார். அதிகாரி குறித்துக்கொண்டார்.

டாக்டர் சிதம்பரநாதன் மறுநாளே சுற்றறிக்கை விட்டார். 'டிராம்' என்ற சொல்லை இனி மருந்தகத்தில் யாரும் உச்சரிக்கக் கூடாது. பதிவேட்டில் இருந்த கொள்ளளவை எல்லாம் மில்லிலிட்டருக்கு மாற்றி நான் திரும்ப எழுதினேன். சங்குகளில் இருந்த கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு டிராமும் தெரியாது, மில்லியும் தெரியாது. அடுத்த வருஷம் அவர் மாற்றலாகிப் போனார். போகும்போது என் கையைப் பிடித்து, "கொஞ்சம் கஷ்டப்படுத்திட்டேன்" என்றார். அவர் வாயில் 'கொஞ்சம்' என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வேறு மருந்தகங்களுக்கு மாறினேன், வேறு டாக்டர்களைப் பார்த்தேன். சொல்லும்படியாக ஒன்றுமில்லை. ஓய்வு பெறுகிற வாரத்தில் பென்ஷன் காகிதத்துக்காக என் பணிப்பதிவேட்டை எடுத்தார்கள். எழுத்தர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சேர்ந்த தேதி, ஊதிய உயர்வு, விடுப்பு, மாற்றல், மறுபடி ஊதிய உயர்வு. நடுவில் ஓரிடத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், இங்க ஒரு எச்சரிக்கை இருக்குதே, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பிரெஞ்சுக் காலத்துச் சீட்டுகளை யாரோ பிற்பாடு தணிக்கை செய்து, என்னிடம் கேட்காமலே எழுதியிருக்கிறார்கள். அவர் வாசித்தார்: "அரசு மருந்துச் சீட்டுகளில் சங்கு, கிளிஞ்சல் ஆகிய அனுமதியற்ற சொற்களை எழுதி, நோயாளிகளுக்கு அளவு புரியும்படி செய்துள்ளார். எச்சரிக்கப்படுகிறார்."

"மனு போட்டீங்கன்னா இத அடிச்சிடலாங்க. இதால பென்ஷனுக்கு ஒண்ணும் இல்ல, இருந்தாலும் ஒரு கரும்புள்ளி பாருங்க" என்றார் எழுத்தர்.

பதிவேட்டைக் கையில் வாங்கி மற்றப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் நான் என்ன வேலை செய்தேன் என்பது வேறெந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

"இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.